பழைய கணினி ஏன் இழுக்கிறது: வைத்தியங்களும் அவற்றின் எல்லைகளும்

வாங்கிய புதிதில் சொன்னதைக் கேட்ட கணினி ஆறேழு வருடத்தில் ஏன் நகர மறுக்கிறது? வீட்டுக்குள் கணினி நுழைந்த காலத்திலிருந்தே இந்தக் கேள்வி இருக்கிறது. பதிலுக்கும் ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. குப்பை சேர்ந்துவிட்டது, துடைத்து எடு என்றார்கள். ராம் பத்தவில்லை, இன்னொன்று போடு என்றார்கள். ஒரு தடவை ஃபார்மட் அடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். விண்டோஸைத் தலைமுழுகிவிட்டு லினக்ஸுக்கு வா என்றார்கள். சென்னை ரிட்சி தெருவில் கேட்டாலும் தெருமுனை சர்வீஸ் கடையில் கேட்டாலும் இவற்றில் ஒன்றுதான் இன்றும் பதிலாகக் கிடைக்கும்.

இந்தப் பதில்களில் பெரும்பாலானவை பொய்யல்ல. ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு வகைக் கணினிக்கு அவை பொருந்தவே செய்தன. அந்தக் காலம் போய்விட்டது, பதில் மட்டும் தங்கிவிட்டது என்பதுதான் சிக்கல். ஒவ்வொரு வாதமும் எங்கிருந்து புறப்பட்டது, எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

எதைக் காத்திருப்பு என்கிறோம்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். செயலிச் சில்லு வயதாகி மெதுவாவதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டு வந்த சில்லு, சூடு மீறாதவரை, பத்து வருடம் கழித்தும் அதே துடிப்பில்தான் ஓடும். அப்படியென்றால் மாறியது சில்லைச் சுற்றியுள்ளவை: அதற்கு வேலை வந்துசேரும் வழியும், வந்துசேரும் வேலையின் அளவும்.

மனிதர் எதை மெதுவாக உணர்கிறார் என்பதை 1968-லேயே ராபர்ட் மில்லர் ஆராய்ந்தார். 1993-ல் ஜேக்கப் நீல்சன் அதை மூன்று எல்லைகளாகச் சுருக்கிச் சொன்னார். பத்தில் ஒரு நொடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். ஒரு நொடிவரை எண்ணவோட்டம் அறுபடாது. பத்து நொடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். பழைய கணினிமீது சொல்லப்படும் புகார்களில் பெரும்பகுதி இந்த மூன்றாவது எல்லையைத் தாண்டியவை. ஆகவே பத்து சதவீதம், இருபது சதவீதம் வேகம் கூட்டும் வைத்தியங்கள் அளவுகோலில் தெரியலாம், உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

இரண்டாவது கருவி ஜீன் அம்டால் 1967-ல் சொன்ன விதி. ஒரு வேலையின் ஒரு பகுதியை எவ்வளவு வேகப்படுத்தினாலும், மொத்தத்தில் அந்தப் பகுதிக்கு உள்ள பங்குக்கு மேல் ஆதாயம் கிடைக்காது. 100 நொடிக் காத்திருப்பில் 80 நொடி ஹார்ட் டிஸ்க்குக்காகப் போகிறது, 20 நொடி செயலியில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். செயலியை இரட்டிப்பு வேகமாக்கினால் மிச்சப்படுவது 10 நொடி. டிஸ்க்கைப் பத்து மடங்கு வேகமாக்கினால் மிச்சப்படுவது 72 நொடி. பந்தியில் எல்லோரும் சாம்பார் வாளிக்காகக் காத்திருக்கும்போது சாதம் பரிமாற இன்னும் இரண்டு பேரை இறக்குவதால் யாருக்கும் பயனில்லை. கணினி வைத்தியங்களின் வரலாறு பெரும்பாலும் சாம்பார் எங்கே நின்றது என்று பார்க்காமல் சாதம் பரிமாறிய வரலாறுதான்.

குப்பை வாதம்

மிகப் பழையதும் மிகப் பரவலானதும் இதுதான். கணினி புழங்கப் புழங்க அதற்குள் ஏதோ சேர்கிறது, அதை அகற்றினால் பழைய வேகம் திரும்பும் என்பது இதன் அடிப்படை. டாஸ் காலத்தில் இதற்கு வலுவான ஆதாரம் இருந்தது. அன்றைய கோப்பு முறையில் ஒரு கோப்பு டிஸ்க்கின் பல மூலைகளில் துண்டு துண்டாகச் சிதறும். படிக்கும் முனை அங்குமிங்கும் ஓட வேண்டும். துண்டுகளை ஒன்றுசேர்க்கும் நார்டன் போன்ற கருவிகள் அதனால்தான் விலைபோயின. 1993-ல் வந்த எம்எஸ்-டாஸ் 6-ல் சைமாண்டெக்கிடம் உரிமம் பெற்ற டிஃப்ராக் கருவியே சேர்ந்து வந்தது. வண்ணக் கட்டங்கள் ஒவ்வொன்றாக இடம்மாறுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த தலைமுறை ஒன்று உண்டு.

பிறகு நிலைமை மாறியது. 2007-ல் பரவலாக விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா வாரம் ஒருமுறை தானாகவே டிஃப்ராக் செய்யத் தொடங்கியது. 2009-ன் விண்டோஸ் 7, எஸ்எஸ்டி இருந்தால் அந்த வேலையையே நிறுத்திவிட்டது. அசையும் முனையே இல்லாத இடத்தில் துண்டுகளை ஒன்றுசேர்த்து ஆவதொன்றுமில்லை, எழுதும் ஆயுள்தான் வீணாகும். ஆக, கையால் டிஃப்ராக் செய்வது என்ற வைத்தியத்துக்குப் பதினைந்து வருடமாகவே வேலை இல்லை. ஆனாலும் இன்றும் அதைப் பரிந்துரைக்கிறார்கள்.

ரிஜிஸ்ட்ரி துடைப்பான்களின் கதை இன்னும் மோசம். விண்டோஸின் அமைப்புத் தகவல்கள் கிடக்கும் அந்தத் தரவுத்தளத்தில் லட்சக்கணக்கான பதிவுகள் உண்டு. பயனற்ற சில நூறு பதிவுகளை நீக்குவதால் தேடும் நேரம் உணரத்தக்க அளவுக்குக் குறைய வாய்ப்பில்லை. தவறான ஒன்றை நீக்கினால் மென்பொருள் திறக்காமலே போகலாம். இத்தகைய கருவிகளைத் தாம் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே அறிவித்திருக்கிறது. 2017-ல் துடைப்பான்களிலேயே பிரபலமான சிகிளீனரின் ஒரு பதிப்புக்குள் தீங்குநிரல் புகுந்து, ஏறக்குறைய 22.7 லட்சம் கணினிகளுக்குப் போய்ச்சேர்ந்தது. வேகம் தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது அது.

இந்த வாதத்தில் தேறுவது ஒரு பகுதி உண்டு. கணினி தொடங்கும்போதே பின்னணியில் எழுந்துகொள்ளும் மென்பொருள்கள் நிஜச் சுமை: பிரிண்டர் உதவியாளர், அப்டேட் தேடி, யாரோ இலவசமாகக் கொடுத்த இரண்டாவது ஆன்டிவைரஸ். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பட்டியலைத் திறந்து இவற்றை நிறுத்துவதற்குக் காசு செலவில்லை, பலனும் உறுதி. சி டிரைவில் இடமே இல்லாமல் போயிருந்தால் அதையும் காலி செய்யத்தான் வேண்டும். ஃபார்மட் அடித்தால் வேகம் வருகிறது என்ற அனுபவமும் பொய்யல்ல. ஆனால் ஃபார்மட் ஒரே அடியில் பின்னணி மென்பொருள், வைரஸ், நிரம்பிய டிஸ்க், கெட்டுப்போன டிரைவர் எல்லாவற்றையும் நீக்கிவிடுகிறது. எது குணப்படுத்தியது என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. ஆறு மாதத்தில் அதே மென்பொருள்கள் திரும்ப ஏறியதும் அதே புகாரோடு அதே கடைக்கு வருவதற்குக் காரணம் இதுதான்.

ராம் வாதம்

ராம் குறைந்தால் கணினி மெதுவாவதில்லை, முழங்காலிட்டு விழுகிறது. இந்த வேறுபாடு முக்கியம். ராமில் இடமில்லாதபோது டிஸ்க்கின் ஒரு பகுதியை ராம்போலப் பாவிக்கும் மெய்நிகர் நினைவகம், 1962-ல் மான்செஸ்டரின் அட்லஸ் கணினியிலேயே வந்துவிட்டது. அதன் ஆபத்தை 1968-ல் பீட்டர் டென்னிங் விளக்கினார். ஒரு நிரலுக்கு அந்தந்த நேரத்தில் தேவைப்படும் பக்கங்கள் ராமில் அடங்கும்வரை எல்லாம் சீராக ஓடும். அடங்காமல் போன கணத்திலிருந்து கணினி வேலை செய்வதை விட்டுவிட்டு பக்கங்களை உள்ளே வெளியே மாற்றுவதிலேயே மூழ்கிவிடும். அதனால்தான் ஏழு டேப் திறந்திருக்கும்வரை ஒழுங்காக இருந்த கணினி எட்டாவது டேப்பில் ஹேங் ஆகிறது.

இதிலிருந்து வரும் முடிவு எளிது. எல்லைக்கோட்டில் தவிக்கும் கணினிக்கு ராம் கூட்டினால் பலன் அபாரம்; எல்லைக்குள் இருப்பதற்குக் கூட்டினால் ஒன்றும் தெரியாது. இணையம் பார்க்க, ஆவணம் தட்டச்ச 4 ஜிபி இன்று தவிப்பு, 8 ஜிபி பெரும்பாலும் போதும். அதற்கு மேல் 16 போட்டால் வீட்டு உபயோகத்தில் வித்தியாசம் தெரிவது அரிது.

இந்த வாதத்தின் வரலாற்றில் ஒரு வேடிக்கையான பக்கம் உண்டு. 1995-ல், ராம் தங்க விலை விற்ற நேரத்தில், சின்க்ரானிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் சாஃப்ட்ராம்95 என்ற மென்பொருளை விற்றது. ராமில் உள்ளதைச் சுருக்கி வைத்து அதை இரட்டிப்பாக்கும் என்பது விளம்பரம். ஆறு லட்சத்துக்கும் மேல் பிரதிகள் விற்றன. மார்க் ருசினோவிச் போன்ற வல்லுநர்கள் நிரலைப் பிரித்துப் பார்த்தபோது அது எதையும் சுருக்கவில்லை என்று தெரிந்தது. அமெரிக்க வணிக ஆணையம் 1996-ல் நடவடிக்கை எடுத்தது. ஆனால் யோசனை தவறில்லை, விற்றவர்தான் தவறு. அதே நினைவகச் சுருக்கம் 2013-ல் ஆப்பிளின் மேவரிக்ஸிலும், 2015-ல் விண்டோஸ் 10-லும், லினக்ஸில் இசட்ராம் என்ற பெயரிலும் உண்மையாகவே வேலை செய்யத் தொடங்கியது. செயலிக்கு ஓய்வு நேரம் மிகுந்த பிறகுதான், சுருக்கி விரிக்கும் வேலையை அதன் தலையில் கட்டுவது லாபமானது.

விஸ்டாவோடு வந்த ரெடிபூஸ்ட், பென் டிரைவைச் செருகி வேகம் கூட்டும் திட்டம், ராம் மிகக் குறைந்த கணினிகளில் சிறிது உதவியது. ராம் விலை சரிந்ததும் அது மறந்துபோனது.

டிஸ்க்: கணக்கே சொல்லும் கதை

இத்தனை வாதங்களிலும் கணக்குப் போட்டு நிரூபிக்கக்கூடியது இதுதான்.

மடிக்கணினிகளில் வந்த சாதாரண ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 11.1 மில்லிநொடி. வேண்டிய இடம் முனைக்கடியில் வர சராசரியாக அரைச் சுற்று, 5.6 மில்லிநொடி. அதற்கு முன் முனை சரியான தடத்துக்கு நகர ஏறக்குறைய 12 மில்லிநொடி. ஆக ஒரு சிதறிய வாசிப்புக்குப் பதினேழு பதினெட்டு மில்லிநொடி. நொடிக்கு 55 அல்லது 60 வாசிப்பு, அவ்வளவுதான். ஒவ்வொன்றும் 4 கேபி என்றால் நொடிக்குக் கால் எம்பிகூடத் தேறாது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் 100 எம்பி வேகம் ஒரே பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது கிடைப்பது. கணினி தொடங்கும்போது நடப்பதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொறுக்குவது. பத்தாயிரம் சிதறிய வாசிப்புகளுக்கு இந்த டிஸ்க்கில் மூன்று நிமிடம் ஆகும். வாசிப்புக்கு 0.1 மில்லிநொடி எடுக்கும் எஸ்எஸ்டியில் அதே பத்தாயிரத்துக்கு ஒரு நொடி.

விண்டோஸ் 10 ஓடும் பழைய மடிக்கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். சிபியு பத்து சதவீதத்தில் சும்மா கிடக்கும். டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்திருக்கும். அதே வரியில் வேகம் 0.8 எம்பி என்றோ 1 எம்பி என்றோ காட்டும். நூறு சதவீதம் உழைத்தும் ஒரு எம்பிதானா என்று குழம்புகிறவர்கள் உண்டு. முனையின் ஓட்டத்துக்கே முழு நேரமும் போய்விட்டது என்பதுதான் அதன் பொருள். இன்டெக்சிங், அப்டேட், ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் எழுந்தால் நொடிக்கு அறுபது வாசிப்பையும் அவையே பங்குபோட்டுக்கொள்ளும், பயனருக்கு மிச்சம் இராது.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். பழைய மதர்போர்டில் சாட்டா இணைப்பு நொடிக்கு 300 எம்பிதான் தாங்கும், அதில் எஸ்எஸ்டி போட்டு வீண் என்று சிலர் தடுப்பதுண்டு. அது தவறான தடை. ஆதாயம் வருவது குழாயின் அகலத்திலிருந்து அல்ல, காத்திருப்பு மறைவதிலிருந்து. பத்து வருடப் பழைய பெட்டிக்கும் அது அப்படியே பொருந்தும்.

எஸ்எஸ்டிக்கும் குறை உண்டு. கழுத்துவரை நிரப்பினால் எழுதும் வேகம் சரியும். மலிவு மடிக்கணினிகளில் போர்டிலேயே ஒட்டி வரும் 32 ஜிபி இஎம்எம்சி பெயருக்குத்தான் எஸ்எஸ்டியின் உறவினர். 2014-ல் சாம்சங்கின் 840 ஈவோ மாடலில், எழுதி நாளான கோப்புகளைப் படிப்பது மட்டும் படுமெதுவாவது கண்டுபிடிக்கப்பட்டு, நிறுவனம் திருத்தம் வெளியிட வேண்டிவந்தது. இவையெல்லாம் விதிவிலக்குகள். ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் கணினியை எஸ்எஸ்டிக்கு மாற்றுவதற்கு நிகரான ஒற்றை வைத்தியம் இந்தத் துறையில் இதுவரை வந்ததில்லை என்பதே இக்கட்டுரையாளரின் மதிப்பீடு. ஆனால் அது ஒருமுறைதான் செய்யக்கூடியது.

உடம்புச் சூடும் 2018-ம்

விசிறியில் தூசி அடைத்து, தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோனால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் துடிப்பைக் குறைத்துக்கொள்ளும். தொடங்கி கால் மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு சோர்ந்து, விசிறி இரைச்சலிட்டால் சந்தேகம் இங்கேதான் போக வேண்டும். சுத்தம் செய்தால் இழந்தது திரும்பும். புதிதாக எதுவும் கிடைக்காது.

சில்லு வயதாவதில்லை என்று மேலே சொன்னதற்கு ஒரு திருத்தமும் தேவை. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டைகள் வெளியாயின. அவற்றை அடைத்த அப்டேட்டுகள், செயலி முன்கூட்டியே ஊகித்து வேலை செய்யும் உத்திகளுக்குக் கடிவாளம் போட்டன. இன்டெலின் ஹாஸ்வெல் தலைமுறைச் செயலியிலோ அதற்கு முந்தையவற்றிலோ விண்டோஸ் 7, 8 இருந்தால் பெரும்பாலான பயனர்கள் வேகக் குறைவை உணர்வார்கள் என்று மைக்ரோசாஃப்ட் அப்போதே ஒப்புக்கொண்டது. அப்டேட் போட்ட பிறகுதான் ஸ்லோ ஆனது என்று வீடுகளில் சொல்லப்படுவது எப்போதும் பிரமை அல்ல.

கொழுத்த மென்பொருள்

பாஸ்கல் மொழியைப் படைத்த நிக்லாவுஸ் விர்த் 1995-ல் ஒரு கட்டுரை எழுதினார். வன்பொருள் வேகமாகும் விரைவைவிட மென்பொருள் மெதுவாகும் விரைவு அதிகம் என்ற கருத்து அதன்மூலம் பரவி விர்த் விதி என்றே பெயர்பெற்றது. அவரோ அதை மார்ட்டின் ரெய்ஸரிடமிருந்து பெற்றதாகவே சொன்னார். எண்கள் அவர் பக்கம் நிற்கின்றன. விண்டோஸ் 95 கேட்ட குறைந்தபட்ச ராம் 4 எம்பி. 2001-ன் எக்ஸ்பி 64 எம்பி. 2021-ன் விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி. இருபத்தாறு வருடத்தில் ஆயிரம் மடங்கு. கடிதம் தட்டச்சுவது ஆயிரம் மடங்கு மேம்பட்டதா என்பது விர்த் தரப்பின் கேள்வி. 2017-ல் டான் லூ என்ற பொறியாளர், விசையை அழுத்தியதிலிருந்து எழுத்து திரையில் தோன்றும்வரை ஆகும் நேரத்தைப் பல கணினிகளில் அளந்தார்; 1983-ன் ஆப்பிள் 2இ 30 மில்லிநொடியில் முடித்ததைப் புதிய கணினிகள் பல அதைவிடக் கூடுதல் நேரம் எடுத்துச் செய்தன.

எதிர்வாதத்தையும் சரியாகவே எடைபோட வேண்டும். கொழுப்பு என்று ஒதுக்கப்படுவதில் ஒரு பகுதி தசை. விண்டோஸ் 95-ல் தமிழ் தெரிய வேண்டுமானால் ஆளுக்கொரு குறியாக்கத்தில் ஆளுக்கொரு எழுத்துருவை நிறுவ வேண்டியிருந்தது. ஒருவர் அனுப்பியது மற்றவர் திரையில் கிறுக்கலாக நிற்கும். ஒருங்குறியும், கொம்பையும் காலையும் உரிய இடத்தில் பொருத்தும் எழுத்துக்கோப்பு எந்திரமும் விண்டோஸ் 2000-ல்தான் தமிழுக்கு வந்தன. அதற்கு நினைவகம் செலவாகத்தான் செய்யும். ஒவ்வொரு டேப்பையும் தனி அறையில் பூட்டி வைக்கும் உலாவிப் பாதுகாப்பும் அப்படியே. விர்த்தின் வாதம் இந்தச் செலவுகளையும் சோம்பேறித்தனமான நிரலாக்கத்தையும் பிரித்துக் காட்டுவதில்லை. அதுதான் அதன் பலவீனம்.

இன்று சுமை இயங்குதளத்திலிருந்து இணையப் பக்கத்துக்கு இடம்மாறிவிட்டது. எச்டிடிபி ஆர்க்கைவ் தொகுப்பின்படி 2010 வாக்கில் அரை எம்பிக்குள் இருந்த நடுத்தர இணையப் பக்கம் இப்போது 2 எம்பியைத் தாண்டிவிட்டது. காணொளியின் கதை இன்னும் நுட்பமானது. பழைய கணினியின் சில்லுக்குள் எச்.264 காணொளியைப் பிரிக்கத் தனி மின்சுற்று உண்டு. யூடியூப் விபி9 முறைக்கும் பிறகு ஏவி1 முறைக்கும் மாறியபோது அந்த மின்சுற்றால் பயனில்லாமல் போனது. இன்டெல் சில்லுகளில் விபி9-க்கு முழு வன்பொருள் ஆதரவு 2016-ன் ஏழாம் தலைமுறையோடும், ஏவி1-க்கு 2020-ன் பதினொன்றாம் தலைமுறையோடும்தான் வந்தது. அதற்கு முந்தைய கணினிகளில் செயலியே மூச்சுவாங்கப் பிரிக்க வேண்டும். பயனர் எதையும் மாற்றவில்லை, கணினியும் மாறவில்லை. அனுப்புகிறவர் வடிவத்தை மாற்றினார். உலாவியில் எச்.264-ஐ மட்டும் கேட்கும்படி செய்யும் சிறு நீட்சிகள் இதற்கு உடனடி நிவாரணம், யூடியூப் அந்த வடிவத்தை வழங்கும்வரை.

இயங்குதளத்தையே மாற்றுவது

2003-ல் ஆஸ்திரேலியாவில் பேரி காவ்லர் தொடங்கிய பப்பி லினக்ஸ், முழு இயங்குதளத்தையும் ராமிலேயே ஏற்றி ஓட்டிக் காட்டியது. லுபுண்டு, ஆன்டிஎக்ஸ் போன்ற லேசான லினக்ஸ் பதிப்புகளும் வந்தன. 2022-ல் கூகிள், பழைய கணினிகளிலும் நிறுவக்கூடிய குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸை வெளியிட்டது. விண்டோஸுக்கு மாற்று என்ற இந்த யோசனை தமிழ்நாட்டில் பெரிய அளவிலேயே சோதிக்கப்பட்டது: 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸோடு, சீடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. தொடக்கத் திரையில் இரண்டும் தெரியும். இலவசமாகக் கையில் இருந்தும், நண்பர்களிடம் உள்ள மென்பொருளும் விளையாட்டும் ஓடும் பக்கத்தையே மாணவர்கள் பலரும் தேர்ந்தார்கள். வேகம் மட்டுமே மனிதரை நகர்த்துவதில்லை என்பதற்கு இது போதிய சான்று.

தொழில்நுட்ப ரீதியிலும் இந்த வாதத்துக்கு எல்லை உண்டு. லேசான லினக்ஸ் தொடங்கும்போது சில நூறு எம்பி ராமில் அடங்கும். உலாவியைத் திறந்ததும் அதே இணையப் பக்கம், அதே நிரல், அதே 2 எம்பி. 2 ஜிபி கணினிக்கு அது மூன்று டேப் கூடுதலாகத் தரும், முப்பது தராது. கணக்கு மென்பொருள், பழைய பிரிண்டர், வங்கிக்கான டிஜிட்டல் கையொப்பக் கருவி என்று வீட்டில் ஏதாவது ஒன்று விண்டோஸை விடாது. 32-பிட் கணினிகளுக்குக் கதவும் மூடிக்கொண்டு வருகிறது: 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 அவற்றில் புதிதாக நிறுவும் வசதியைக் கைவிட்டுவிட்டது.

தீர்ந்ததும் தீராததும்

சில விஷயங்களில் இனி அதிக விவாதம் தேவைப்படாது. ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றுவதன் ஆதாரம் மிக வலுவானது. ராம் கூட்டுவது எல்லைக்கோட்டில் மட்டும் வேலை செய்யும். ஸ்டார்ட்அப் பட்டியலைக் குறைப்பது, தூசி தட்டுவது இரண்டும் செய்யத் தக்கவை. காசு வாங்கும் வேகப்படுத்திகளுக்கும் ரிஜிஸ்ட்ரி துடைப்பான்களுக்கும் ஆதாரம் மிக மெலிது.

தீராதவை வேறு இடத்தில் இருக்கின்றன. எஸ்எஸ்டியும் 8 ஜிபியும் போட்ட பிறகும் ஒரு 2014 கணினி மெதுவாக இருந்தால், காரணம் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே: பக்கத்தைக் கனமாக்கியவரிடம், காணொளி வடிவத்தை மாற்றியவரிடம். அவருக்கு அந்தச் செலவு தெரிவதில்லை. அவர் மேசையில் புதுக் கணினி இருக்கிறது. இதைச் சரிசெய்யப் பயனருக்குக் கருவி எதுவும் இல்லை, விளம்பரத் தடுப்பானைத் தவிர. மெல்லிய மடிக்கணினிகளில் ராமைப் போர்டோடு பற்றவைக்கும் வழக்கம் பரவிவிட்டதால், நிரூபணமான வைத்தியங்களில் ஒன்றும் இனி பல கணினிகளுக்குக் கிடைக்காது. சுற்றுச்சூழல் கணக்கும் மிச்சமிருக்கிறது. ஒரு மேசைக் கணினியின் ஆயுட்கால ஆற்றல் செலவில் ஐந்தில் நான்கு பங்கு தயாரிப்பிலேயே போகிறது என்று 2004-ல் எரிக் வில்லியம்ஸ் கணக்கிட்டார். எல்இடி திரையும் குறைமின் செயலியும் வந்தபிறகு அந்த விகிதம் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கும் என்பதில் கருத்து ஒன்றாக இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, வேகம் இருந்தும் காலாவதியாகும் கணினி என்ற புது வகை தோன்றியிருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியும் வேண்டும். எஸ்எஸ்டி போட்டு இருபது நொடியில் எழுந்து நிற்கும் 2015-ன் கணினிக்கு அதில் இடமில்லை. வீட்டுக் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த நீட்டிப்பு ஓராண்டுக்குத்தான். குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸுக்குப் போகலாம் என்றால், கூகிள் சான்றளித்த மாடல்களின் பட்டியலிலும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆதரவு முடியும் ஆண்டு ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது.